‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’: இசைக்கோர்ப்பு ஒருவருடையதா, ஐந்து பேருடையதா?

#1 ஆறுகம்பி

கிடார் கற்றுக்கொள்ள வருகிற பையன்களில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே இந்தப் பாட்டைக் கேட்டுவிடுவார்கள். ஏ மைனர், சி, டி, எஃப் என்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள். ஆறு கம்பியிலும் விரல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். அந்தக் கிடார் காதில் விழுந்த இரண்டு நொடியில் பாட்டு எதுவென்று தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து வந்த அனிமல்ஸ் குழு 1964 மே 18ஆம் தேதி லண்டனில் இதைப் பதிவு செய்தது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீடு, அங்கே போய்ச் சீரழிந்த ஒரு வாழ்க்கை, இதுதான் கதை. அமெரிக்க நாட்டுப்பாடல், எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆகவே இசைத்தட்டில் ‘மரபுப் பாடல், இசைக்கோர்ப்பு: பிரைஸ்’ என்று அச்சடித்தார்கள். பிரைஸ் என்பவர் ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ்.

பாடியது எரிக் பர்டன். கிடார் ஹில்டன் வாலன்டைன். கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் சாஸ் சாண்ட்லர், டிரம்ஸ் ஜான் ஸ்டீல். இவர்கள் நான்கு பேரின் பெயரும் அந்த வரியில் இல்லை. மரபுப் பாடலில் இசையமைப்பாளருக்குப் போக வேண்டிய ராயல்டி, பாட்டை வாசிப்புக்கு அமைத்துக் கொடுத்த இசைக்கோர்ப்பாளருக்குத்தான் போகும். பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அறுபது வருடமாக ஏதாவது ஒரு வானொலியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பணம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் ஐந்து பெயருக்கு இடமில்லை, அகர வரிசையில் ஆலன் முதலில் வந்ததால் அவர் பெயரைப் போட்டார்கள் என்று குழுவினர் பின்னாளில் சொன்னார்கள். பங்கை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னாராம். 1965இல் பிரைஸ் குழுவை விட்டே போய்விட்டார்.

என் கருத்து இதுதான்: இந்தப் பாட்டின் இசைக்கோர்ப்பு என்று ஒன்று இருந்தால் அது வாலன்டைனின் கிடார். மறுப்பவர்கள் வரலாம்.

#2 பெட்டிக்காரன்

வந்துவிட்டேன் தம்பி. முப்பது வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். கிடார்காரர்கள் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பது தெரியும்.

அந்தப் பாட்டை மறுபடி முழுசாக, நான்கரை நிமிடமும் கேளுங்கள். கிடார் முதல் அடியில் என்ன வாசிக்கிறதோ அதையேதான் கடைசி வரைக்கும் வாசிக்கிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறதே, அதை யார் கொண்டுபோகிறார்கள்? ஆரம்பத்தில் ஆர்கன் முன்னால் வருவதே இல்லை. பின்னணியில் மெல்லப் படர்கிறது, ஒவ்வொரு சரணத்துக்கும் கொஞ்சம் கனம் கூடுகிறது. நடுவில் தனி வாசிப்பு வருகிறது. அது முடிகிற சூட்டில்தான் பர்டன் மேல் ஸ்தாயியில் அலறுகிறார். கடைசியில் எல்லோரும் அடங்கிய பிறகும் நீள்வது ஆர்கன்தான்.

வாலன்டைன் புள்ளி வைத்தார், பிரைஸ் கோலம் போட்டார். இசைக்கோர்ப்பு என்றால் எதை எப்போது சேர்ப்பது, எங்கே சும்மா இருப்பது என்கிற தீர்மானம். அதைச் செய்தவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இதில் என்ன அநியாயம்?

இன்னொன்று. அவர் வாசித்தது வாக்ஸ் கான்டினென்டல். சாமான்யமான டிரான்சிஸ்டர் ஆர்கன். அதன் சத்தம் ஹேமண்ட் என்கிற பெரிய ஆர்கன் மாதிரி உருண்டு திரண்டு வராது, மூக்கால் பாடுவது போல இருக்கும். அந்தப் பெட்டியில் ஜிம்மி ஸ்மித் மாதிரியான ஜாஸ் ஆர்கன்காரர்களின் பாணியைக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. நான் அப்படிப்பட்ட பெட்டிகளோடு மல்லுக்கட்டியவன், அதனால் சொல்கிறேன்.

#3 மாம்பலம்வாசி

இரண்டு பேரும் அடுத்தவர் வீட்டுச் சொத்துக்குப் பாகப்பிரிவினை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்தக் கார்டு வரிசை கிடார்காரருடையதும் இல்லை, ஆர்கன்காரருடையதும் இல்லை. நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் பாடிக்கொண்டிருந்த டேவ் வான் ராங்குடையது. ஹாலி வுட் என்ற பாடகியின் பதிவிலிருந்து பாட்டைக் கற்றுக்கொண்டு, கார்டுகளை மாற்றி, பேஸ் அரை அரை ஸ்வரமாகக் கீழிறங்குகிற மாதிரி அமைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஜாஸில் அது சகஜம். நாட்டுப்பாடல்காரர்கள் அப்போது அப்படிச் செய்யவில்லை.

அதைப் பாப் டிலன் எடுத்துக்கொண்டார். 1961 நவம்பரில் தன் முதல் ஆல்பத்துக்குப் பதிவு செய்துவிட்டு, அதன்பிறகு வான் ராங்கிடம் போய் “உங்கள் அமைப்பில் பதிவு செய்யலாமா” என்று கேட்ட கதை பிரசித்தம். வான் ராங் தானே பதிவு செய்ய இருப்பதாகச் சொன்னார். “ஐயோ, ஏற்கெனவே செய்துவிட்டேனே” என்றாராம் டிலன். டேவ் பாடக் கேட்ட பிறகுதான் பாட்டு தனக்குப் பிடிபட்டது என்று ஆல்பத்தின் உறைக் குறிப்பில் டிலன் சொன்னதாக வருகிறது. பாராட்டு உறையில் கிடைத்தது, காசு வரவில்லை.

அனிமல்ஸின் முதல் சிங்கிளே, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டே, டிலனின் அதே ஆல்பத்தில் இருந்த வேறொரு பாட்டின் மறுவடிவம். இரண்டாவது சிங்கிள் இது. அந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள் என்பது வெளிப்படை. மின்சாரத்தில் செருகியதற்குப் பெயர் இசைக்கோர்ப்பா?

#4 ஆறுகம்பி

மாம்பலம்வாசி, வான் ராங் கதை தெரியும். வாலன்டைனும் டிலனின் கார்டுகளிலிருந்துதான் தொடங்கினேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறது.

வான் ராங்கின் புதுமை என்ன? இறங்குகிற பேஸ். ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப், அப்புறம் ஈ. டிலனும் அந்த இறக்கத்தைத்தான் பிடிக்கிறார். இப்போது அனிமல்ஸைப் போட்டு சாண்ட்லரின் பேஸை மட்டும் கவனியுங்கள். ஏ, சி, டி, எஃப். கார்டின் மூல ஸ்வரத்திலேயே நிற்கிறது, படி படியாக மேலே போகிறது. வாலன்டைனின் விரலும் ஒவ்வொரு கார்டிலும் மூல ஸ்வரத்திலிருந்துதான் கிளம்புகிறது.

அதாவது வான் ராங் கண்டுபிடித்த இறக்கத்தை எடுத்துவிட்டு ஏற்றமாக மாற்றிவிட்டார்கள். கார்டுப் பெயரை எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காதுக்கு இரண்டும் எதிரெதிர். டிலன் பாடும்போது ஒருவர் கிணற்றுக்குள் இறங்குகிற உணர்வு. அனிமல்ஸ் பதிவில் வெடிக்கப்போகிறது என்ற உணர்வு. எங்கே வந்தது அந்த வித்தியாசம்? ஆம்ப்ளிஃபையரால் மட்டும் வந்ததா?

பெட்டிக்காரன் அண்ணனுக்கு: மாறாமல் இருப்பதுதான் அந்தக் கிடாரின் வேலை. அது மாறியிருந்தால் உங்கள் ஆர்கன் வளர்வது எப்படித் தெரியும்?

#5 டேப்புரீல்

நான் ரெக்கார்டிங் தொழிலில் இருக்கிறேன். எல்லோரும் நோட்டேஷனைப் பற்றியே பேசுகிறீர்கள், ரெக்கார்டிங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

லண்டன் கிங்ஸ்வேயில் டி லேன் லீ ஸ்டுடியோ. தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட், எஞ்சினியர் டேவ் சிடில். அமெரிக்க ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் சக் பெர்ரியோடு இங்கிலாந்து முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார்கள் அனிமல்ஸ். முந்தின இரவு லிவர்பூலில் நிகழ்ச்சி முடித்து வந்து ஸ்டுடியோவில் நின்றார்கள். முதல் டேக்கே, அதாவது முதல் தடவை வாசித்துப் பதிவு செய்ததே, ஓகே ஆகிவிட்டது. “கால் மணி நேர வேலை, எனக்கு அதில் பெரிய பங்கில்லை, அறையில் இருந்த சூழலைப் பிடித்தேன்” என்கிற பாணியில்தான் மோஸ்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இப்படி நடக்க வேண்டுமானால் என்ன அர்த்தம்? ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பதிவு. ஆர்கன் சத்தம் கிடார் மைக்கில் போகும், டிரம்ஸ் சத்தம் எல்லா மைக்கிலும் போகும். பின்னால் உட்கார்ந்து ஆர்கனைக் கொஞ்சம் தூக்கு, கிடாரை இறக்கு என்று சரிசெய்கிற கதையெல்லாம் ரொம்பக் கொஞ்சம்தான். நீங்கள் கேட்கிற அந்த ஏற்ற இறக்கத்தை விரலாலும் காலாலும் தொண்டையாலும் அவர்களே அந்த அறையில் செய்தார்கள். ஆர்கன் பொங்கும்போது ஸ்டீல் அதோடு சேர்ந்து ஏறுகிறார், பர்டன் அடங்கும்போது எல்லோரும் அடங்குகிறார்கள்.

ஒரே டேக்கில் அது எப்படிச் சாத்தியம்? ஒவ்வொரு ராத்திரியும் மேடையில் வாசித்து வாசித்துத் தேய்த்திருந்தார்கள். சக் பெர்ரிக்கு முன்னால் ராக் அண்ட் ரோலில் போட்டி போட முடியாது என்று வேண்டுமென்றே மெதுவான பாட்டை வைத்துக்கொண்டார்கள். கூட்டம் எங்கே அமைதியாகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. அப்படி உருவான ஒன்றை ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்று லேபிளில் போட்டது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. வாலன்டைன் பெயரை மட்டும் போட்டிருந்தாலும் அதே சிரிப்புதான், ஆறுகம்பி.

#6 நிலாமுற்றம்

ஐந்து ஆண்கள், அதற்கு முன்னால் இரண்டு ஆண்கள். பட்டியலில் ஒரு பெண்ணை விட்டுவிட்டீர்களே?

கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ, 1937 செப்டம்பர். ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக் கிராமங்களில் பாட்டு சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் ஜார்ஜியா டர்னர் இந்தப் பாட்டைப் பாடினாள். வயது பதினாறு. கூடவே வாத்தியம் எதுவும் இல்லை. லோமாக்ஸ் 1941இல் வெளியிட்ட தொகுப்பில் அவள் பெயரையும், கூடுதல் வரிகள் தந்த பெர்ட் மார்ட்டின் பெயரையும் குறிப்பிட்டார். மாம்பலம்வாசி சொன்ன ஹாலி வுட், ஜார்ஜியாவின் பதிவிலிருந்துதான் கற்றுக்கொண்டார். ஆக வான் ராங், டிலன், அனிமல்ஸ் என்று நீங்கள் இழுக்கிற கயிற்றின் அந்த முனையில் நிற்பது அவள்தான்.

அவள் பாடியது ஒரு பெண்ணின் கதை. கெட்டுப்போனவள் அவள், தங்கைக்கு எச்சரிக்கை சொல்கிறவள் அவள். டிலன்கூட அந்தப் பெண் குரலை மாற்றாமல் பாடினார். ஒரு இளைஞன் பெண்ணாக நின்று பாடுவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அனிமல்ஸ்தான் பெண்ணைப் பையனாக்கி, சூதாடிக் காதலனைச் சூதாடி அப்பாவாக்கினார்கள். வானொலியில் போட வசதியாக இருந்திருக்கும். நீங்கள் பேஸ் ஏறியதா இறங்கியதா என்று பேசுகிறீர்கள். பாட்டின் ஆளையே மாற்றியதும் இசைக்கோர்ப்புக் கணக்கில்தான் வருமா?

#7 மாம்பலம்வாசி

நிலாமுற்றம் மேடம், ஜார்ஜியாவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘பெண்ணைப் பையனாக்கியது அனிமல்ஸ்’ என்பதை அப்படியே விட முடியாது. ஜார்ஜியாவுக்கு நான்கு வருடம் முன்பே, 1933இல், கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் இதை இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள். அதில் பாடுபவன் ஆண். அங்கே போய் அழிந்தவர்கள் ஏழைப் பையன்கள் என்றுதான் வரும். ஆஷ்லி தன் தாத்தாவிடம் கற்றதாகச் சொன்னவர்.

அந்தப் பழைய பதிவைக் கேட்டால் இன்னொன்றும் புரியும். கிடாரும் மவுத் ஆர்கனும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஜாலியாகப் போகிறார்கள். இந்த மைனர் சோகம் அதில் இல்லை. கிராமத்தில் இருந்த பாட்டுக்கு நகரத்துப் பாடகர்கள் பூசிய இருட்டு இது. லெட் பெல்லி, ஜாஷ் வைட், நினா சிமோன், ஜோன் பாயெஸ் என்று ஆளாளுக்குப் பாடியிருக்கிறார்கள். பர்டனே, பாட்டு தனக்கு டிலனிடமிருந்து வரவில்லை, நியூகாசிலில் ஒரு நாட்டுப்பாடகரிடம் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

#8 நிலாமுற்றம்

ஆஷ்லி பாடியது வேறு கிளை. அனிமல்ஸ் ஆஷ்லியைக் கேட்டுப் பையனாக்கினார்கள் என்று சொல்கிறீர்களா? அவர்கள் கையில் இருந்தது டிலன் ஆல்பம் என்று நீங்கள்தானே மூன்றாவது பதிவில் அடித்துச் சொன்னீர்கள். அதில் இருந்தது பெண் குரல். அதைத்தான் மாற்றினார்கள். வேறு ஊரில் வேறொருவர் முன்பே ஆணாகப் பாடியிருந்தார் என்பது இவர்கள் செய்ததை இல்லாமல் ஆக்காது.

#9 வழிப்போக்கன்77

நம்ம ஊர் சினிமாவில் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் எடுத்துப் போட்டுவிட்டு டைட்டிலில் ஒரே ஒரு பெயர் போடுகிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை. வெள்ளைக்காரன் சண்டைக்கு இங்கே பஞ்சாயத்தா?

#10 நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே எழுதுங்கள். இங்கே தலைப்பிலேயே நிற்போம்.

#11 பெட்டிக்காரன்

டேப்புரீல் தம்பி சொன்னதில் ரெக்கார்டிங் பகுதியை ஏற்கிறேன். ஆனால் “எல்லோரும் சேர்ந்துதான் செய்தார்கள்” என்பது கேட்க நன்றாக இருக்கும் வாசகம். எங்கள் குழுவிலும் பன்னிரண்டு பேர் சேர்ந்துதான் வாசிக்கிறோம். ஆனால் ஒத்திகையில் “இங்கே நிறுத்து, இங்கே நீ வராதே” என்று சொல்கிறவர் ஒருவர்தான் இருப்பார். அனிமல்ஸ் என்ற பெயர் வருவதற்கு முன்னால் அது யார் குழு? ஆலன் பிரைஸ் குழு. பர்டன் பிறகு வந்து சேர்ந்தார். இசைக்கு அந்த வீட்டில் பெரியவர் யாரென்று அதிலேயே தெரியவில்லையா?

அப்புறம் சட்டம். 1967இல் ப்ரோகல் ஹாரம் குழு ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ போட்டது. அதில் ஆர்கன் வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். இசை என்று கேரி ப்ரூக்கர் பெயர்தான் இருந்தது. ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து ஃபிஷர் வழக்குப் போட்டார். 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் இணை ஆசிரியர்தான், இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. மேல்முறையீட்டில் காசு விஷயம் கவிழ்ந்தது. 2009இல் பிரபுக்கள் சபை மறுபடி ஃபிஷர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆர்கன் வாசிப்பே பாட்டின் அங்கம் என்று பிரிட்டனின் உச்சபட்ச நீதிபதிகள் சொன்ன பிறகு, பிரைஸ் பெயர் எப்படி அங்கே வந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

#12 ஆறுகம்பி

அண்ணே, அந்த வழக்கை நீங்களே எடுத்து வைத்ததற்கு நன்றி. ஃபிஷர் ஏன் ஜெயித்தார்? லேபிளில் அவர் பெயர் இருந்ததாலா? இல்லாததால்தானே வழக்கே போட்டார்! பெயர் அச்சாகியிருப்பது உண்மைக்கு அத்தாட்சி இல்லை, ஒரு வாசிப்பு பாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டால் வாசித்தவருக்குப் பங்கு உண்டு. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதை இங்கே பொருத்துங்கள். தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்தி இந்தப் பாட்டை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாடத் தெரியாதவர்களும் டிங் டிங் டிங் என்று கிடாரைத்தான் சொல்வார்கள். ஆர்கன் தனி வாசிப்பை வாயால் சொல்ல உங்களைப் போல நாலு பேரால்தான் முடியும். அந்த நாலு பேரும் கீபோர்டுக்காரர்களாக இருப்பார்கள்.

குழு முதலில் அவர் பெயரில் இருந்தது என்பதெல்லாம் 1963 கதை. அதற்காக அடுத்த வருடம் இன்னொருவர் விரலில் பிறந்ததும் அவருடையதாகிவிடுமா?

அமெரிக்காவில் எம்ஜிஎம் நிறுவனம் சிங்கிளாக விட்டபோது என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானொலிக்கு நீளம் அதிகம் என்று மூன்று நிமிடத்துக்குள் வருகிற மாதிரி வெட்டினார்கள். வெட்டு விழுந்த இடங்களில் ஒன்று ஆர்கன் தனி வாசிப்பு. அந்த வெட்டிய வடிவம்தான் 1964 செப்டம்பரில் அங்கே மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. கோலத்தை அழித்துவிட்டுப் புள்ளியை மட்டும் விற்றார்கள், ஜனங்கள் வாங்கினார்கள்.

#13 டேப்புரீல்

ஆறுகம்பி, கடைசிப் பத்தி வேகத்தில் எழுதியது. தனி வாசிப்பில் கத்தரி விழுந்தது, ஒரு சரணமும் போனது. ஆனால் ஆர்கன் மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறதே! வெட்டிய வடிவத்திலும் அந்தப் பின்னணிக் கனம் இல்லாமல் ஒரு சரணம் நிற்காது. நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறேன். வெட்டிய வடிவத்தில் பர்டன் காரணமே இல்லாமல் திடீரென்று கத்துகிறார் என்று தோன்றும். சூடேற்றுகிற பகுதியை எடுத்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். இது பெட்டிக்காரன் சாருக்குச் சாதகமான சாட்சி.

இதில்தான் மிக்கி மோஸ்ட்டுக்குப் பாராட்டு சேர வேண்டும். ஆரம்பத்தில் அவருக்கு இந்தப் பாட்டில் நம்பிக்கை இல்லை. சுற்றுப்பயணத்தில் கூட்டம் கொடுத்த வரவேற்பைப் பார்த்த பிறகுதான் இறங்கிவந்தார். வந்தபின் முழுசாக வந்தார். சிங்கிள் என்றால் இரண்டரை, மூன்று நிமிடம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் நாலு நிமிடம் 29 நொடியை இங்கிலாந்தில் ஒரு நொடியும் குறைக்காமல் வெளியிட்டார். தயாரிப்பாளர் கையை வைக்காமல் இருந்ததே அங்கே பெரிய தயாரிப்பு.

எதிர் உதாரணமும் இருக்கிறது. அனிமல்ஸ் வெற்றிக்குப் பிறகு, 1964 டிசம்பரில், டிலனின் தயாரிப்பாளர் டாம் வில்சன் டிலனின் பழைய பதிவையே எடுத்து அதன் மேல் டிரம்ஸ், மின்கிடார் எல்லாம் ஏற்றிப் பார்த்தார். அப்போது வெளியிடவில்லை, பல வருடம் கழித்துத்தான் வந்தது. தனியாளாகத் தன் இஷ்டத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாடிய டேப்பின் பின்னால் ஒரு குழு துரத்திக்கொண்டு ஓடுகிறது. கார்டு அதே, பாட்டு அதே, மின்சாரமும் இருக்கிறது. எடுபடவில்லை. மின்சாரத்தில் செருகினால் போதும் என்ற மாம்பலம்வாசி இதைக் கேட்டுவிட்டு வரட்டும்.

#14 மாம்பலம்வாசி

கேட்டேன். அனிமல்ஸ் பதிவைவிட எனக்குப் பிடித்தது, என்ன செய்ய! குரல் டிலனுடையதாயிற்றே.

நீங்கள் எல்லோரும் நழுவுகிற இடம் ஒன்று இருக்கிறது. பேஸ் ஏறியது, ஆர்கன் வளர்ந்தது, ஒரே டேக், எல்லாம் சரி. ஏ மைனரிலிருந்து டி மேஜருக்குப் போய் அங்கிருந்து எஃப் மேஜருக்கு வரும்போது எஃப் ஷார்ப்பும் எஃப்பும் அடுத்தடுத்து உரசுகின்றனவே, இந்தப் பாட்டின் நெருடலே அங்கேதான் இருக்கிறது. பேஸை நீங்கள் எங்கே வைத்தாலும் அந்த உரசல் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அதைப் போட்டவர் வான் ராங். அந்த உரசலை எடுத்துவிட்டு, கார்டை ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து மீட்டுகிற உங்கள் ஆர்பெஜியோவை வாசியுங்கள் பார்க்கலாம், யார் கேட்கிறார்கள் என்று.

டிலன் பதிவு வந்த பிறகு வான் ராங் பாடினால் “டிலன் பாட்டைப் பாடுகிறாரே” என்றார்கள், நிறுத்திவிட்டார். அனிமல்ஸ் வந்த பிறகு டிலன் பாடினால் “அனிமல்ஸ் பாட்டு” என்றார்கள், அவரும் நிறுத்திவிட்டார். வான் ராங் இதை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு இருந்த பெருந்தன்மை ராயல்டிப் படிவத்துக்கு இல்லை.

#15 நிலாமுற்றம்

வான் ராங் சிரிக்கலாம், அவருக்கு மேடை இருந்தது, புத்தகம் எழுதினார். ஜார்ஜியா டர்னரைத் தேடிப் போய் யாரும் அப்படிப் பேட்டி எடுத்து மேடையேற்றவில்லை. இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. ‘மரபுப் பாடல்’ என்று ஒரு முத்திரை குத்தியவுடன் அதற்கு முந்தைய ஆட்கள் எல்லோரும் ஆற்று மணல் மாதிரி பொதுச் சொத்தாகிவிடுகிறார்கள். முத்திரைக்குப் பிந்தையவர்களுக்கு மட்டும் பட்டா. சண்டை முழுக்கப் பட்டாதாரர்களுக்குள்தான்.

#16 பெட்டிக்காரன்

அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஜார்ஜியாவும் யாரிடமோ கேட்டுத்தான் பாடியிருப்பாள். அந்த யாரோவுக்கும் ஒரு யாரோ இருந்திருப்பார். இப்படிப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் வாசிக்கிற எவனுக்கும் கூலி கிடையாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். 1964இல் அந்தக் கோட்டை பிரைஸ் பெயரில் போட்டார்கள். கையெழுத்துப் போடும்போது மற்ற நாலு பேரும் அங்கேதானே இருந்தார்கள்? வாயில் என்ன இருந்தது?

#17 ஆறுகம்பி

வயது இருபத்துச் சொச்சம், ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், மேலாளர் “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். அந்தக் காலத்தில் எத்தனை குழுக்கள் இப்படி ஏமாந்தன என்று உங்களுக்கே தெரியும். கோடு போடத்தான் வேண்டும் என்றால் அதே லேபிளில், அதே வரியில், ‘இசைக்கோர்ப்பு: தி அனிமல்ஸ்’ என்று போட்டிருக்கலாம். குழுவின் பெயர் மேலே ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. இடப் பற்றாக்குறையே வராது. அதைச் செய்யாமல் அகர வரிசை பார்த்தார்களாம்!

#18 டேப்புரீல்

இது எனக்குச் சம்மதம். ஐந்தில் ஒரு பங்கு எல்லோருக்கும்.

#19 பெட்டிக்காரன்

எனக்குச் சம்மதம் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஸ்டீலின் சிம்பலுக்கும் வாலன்டைனின் ஆர்பெஜியோவுக்கும் ஒரே விலையா? முதல் பதிவில் கிடார்தான் இசைக்கோர்ப்பு என்று மார்தட்டிய தம்பி இப்போது டிரம்ஸுக்கும் சமபங்கு தருகிறார். ஒன்று அது உண்மை, இல்லை இது உண்மை. எதுவென்று சொல்லிவிடுங்கள்.

#20 ஆறுகம்பி

முதல் பதிவில் பேசியது எது இல்லாவிட்டால் பாட்டு இல்லை என்பதைப் பற்றி. இப்போது பேசுவது காசைப் பற்றி. ஒரே அறையில் ஒரே டேக்கில் வாசித்தவர்களுக்குக் காசைச் சமமாகப் பிரிப்பதுதான் முறை. ஸ்டீலின் சிம்பல் இல்லாமல் அந்தத் திஸ்ர நடை ஓடுமா என்று உங்கள் குழுவின் டிரம்ஸ்காரரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.

#21 பெட்டிக்காரன்

கேட்டுவிட்டேன். அவன் பாடகருக்குத்தான் பாதி என்கிறான். பர்டனைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவே இல்லையே என்கிறான்.